காது வலிக்கு வந்தவர்: தொண்டைப் புற்றுநோயின் அறிகுறிகளை எப்படிக் கவனிப்பது?

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே ஒரு மருந்துக்கடையில் இருபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறேன். நான் டாக்டர் இல்லை, பார்மசி படித்தவன். ஆனால் எங்கள் பக்கத்தில் தொண்டையில் ஏதாவது என்றால் டாக்டருக்கு முன்னால் என்னைத்தான் பார்ப்பார்கள். "தம்பி, தொண்டை கட்டிக்கிச்சு, சப்புற மாத்திரை குடு" என்பது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள் முழுக்கக் காதில் விழும் பேச்சு.

அப்படி வந்தவர்களில் ஒருவரை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுகிறவர், வயது ஐம்பத்தைந்து இருக்கும். அவர் தொண்டைக்கு மருந்து கேட்கவே இல்லை. வலது காது குடைகிறது என்று சொட்டு மருந்து கேட்டார், கொடுத்தேன். பத்து நாள் கழித்து இன்னொரு பாட்டில் வாங்கிப் போனார். மூன்றாவது தடவை வந்தபோதுதான், "அண்ணே, காதுல சீழ் ஏதும் வடியுதா, கேக்கறது மந்தமா இருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. எச்சில் முழுங்குனா காதுக்குள்ள சுருக்குங்குது, அவ்ளோதான்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் விஷயம் இருந்தது. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்ததில் காதில் எந்தக் கோளாறும் இல்லை. குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தில் புண் இருந்தது, துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தது. முதல் பாட்டிலோடு கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்றாவது பாட்டிலில் கேட்டேன். அது எனக்கு இன்னும் உறுத்தல்தான். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அதுதான்.

தொண்டை என்பது ஒரு கல்லணை

நாம் "தொண்டை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்ளே அது ஒரே இடம் இல்லை. மூக்குக்குப் பின்னால் ஒரு பகுதி. வாயைத் திறந்தால் தெரியும் உள்நாக்கு, டான்சில், கண்ணுக்குத் தெரியாத நாக்கின் அடிப்பக்கம் ஆகியவை சேர்ந்து இன்னொரு பகுதி. அதற்கும் கீழே, உணவுக்குழாய் தொடங்கும் இடம். அதன் முன்பக்கம் குரல்வளை, ஆண்களுக்குக் கழுத்தில் துருத்திக்கொண்டு தெரிகிறதே, அது.

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்ல நான் கல்லணையைத்தான் காட்டுவேன். வருகிற தண்ணீர் அங்கேதான் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. தொண்டையிலும் அப்படித்தான். காற்றும் சோறும் ஒரே வழியாக வந்து, ஒரு இடத்தில் காற்று மூச்சுக்குழாய்க்கும் சோறு உணவுக்குழாய்க்கும் பிரிய வேண்டும். விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடிக்கொள்ள ஒரு சின்ன மூடி இருக்கிறது, மதகு ஷட்டர் மாதிரி. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த வாய்க்காலில் அடைப்பு என்று பார்க்கிறோம் இல்லையா? தொண்டையிலும் எங்கே கோளாறோ அதற்குத் தகுந்த மாதிரிதான் அறிகுறி வரும். குரல் மாறினால் ஒரு இடம், சோறு இறங்கவில்லை என்றால் வேறு இடம். எல்லோருக்கும் ஒரே அறிகுறி வராததற்குக் காரணம் இதுதான்.

புற்றுநோய் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடம்பின் செல்கள் தேவைக்குப் பெருகி, தேவை முடிந்ததும் நின்றுவிடும். சில செல்கள் அந்தக் கட்டுப்பாட்டை இழந்து பெருகிக்கொண்டே போய், பக்கத்தில் உள்ள சதையை அரித்து, பிறகு நெறிகளுக்கும் (கழுத்தில் கட்டுமே, அந்த நிணநீர்க் கணுக்கள்) வேறு உறுப்புகளுக்கும் பரவுவதுதான் அது. தொண்டையில் இது பெரும்பாலும் உட்புறத் தோலில், ஒரு சின்னப் புண்ணாகவோ தடிப்பாகவோ தொடங்குகிறது. ஆரம்பத்தில் பலருக்கு வலியே இருக்காது. "வலிக்கலையே, அப்புறம் என்ன?" என்பதுதான் இந்த நோய்க்கு நாம் கொடுக்கும் பெரிய அவகாசம்.

குரல் கம்மினால்

குரல்வளைக்குள் குரல்நாண்கள் இரண்டு. பேசும்போது ஒன்றோடு ஒன்று சேர்ந்து அதிர்கின்றன. அதில் ஒன்றின் விளிம்பில் கடுகளவு தடிப்பு வந்தாலும் இரண்டும் சரியாகச் சேராது, குரல் கரகரக்கும். அதனால் குரல்நாணில் தொடங்கும் புற்றுநோய் சீக்கிரமே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்த முதல் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் கதிர்வீச்சு மட்டுமோ, லேசர் அறுவை மட்டுமோ போதும். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் குணமாகிறார்கள், குரலும் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. புற்றுநோய்களில் இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே மணியடிப்பவை குறைவு.

சரி, குரல் கம்மிய எல்லோருக்கும் புற்றுநோயா? இல்லவே இல்லை. சளி, காய்ச்சல், கத்திப் பேசியது, வயிற்று அமிலம் மேலே ஏறுவது, தைராய்டு என்று காரணங்கள் நிறைய. வாத்தியார்கள், ஏலம் கூறுகிறவர்கள், மைக் இல்லாமல் கத்தி விற்பவர்கள், பாடகர்கள் ஆகியோருக்குக் குரல்நாணில் காய்ப்பு மாதிரி சின்ன முடிச்சு விழும், அது புற்றுநோய் அல்ல. குரல்வளையில் காசநோய் வந்தாலும் குரல் கம்மும், அதற்கு மருந்து வேறு.

அப்படியானால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நாள் கணக்குதான். சளியில் வந்த கம்மல் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் குரல் திரும்பவில்லை என்றால், காரணம் எதுவாகத் தோன்றினாலும் சரி, காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ளே பார்த்தாக வேண்டும். நாற்பது வயது தாண்டியவர், பீடி, சிகரெட், மது பழக்கம் உள்ளவர் என்றால் இதில் விவாதமே வேண்டாம். சித்தரத்தை, அதிமதுரம், மிளகுப் பால் எல்லாம் சாப்பிடுங்கள், நானும்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் கெடுவும் அந்த மூன்று வாரத்துக்குள் அடக்கம். எங்கள் பக்கம் "குறுவை அறுப்பு முடியட்டும்", "பொங்கல் போகட்டும்" என்று தள்ளுவார்கள். அப்படித் தள்ளுவதில் மூன்று வாரம் மூன்று மாதமாகிவிடும்.

உயிரோடு இருக்கும் மனிதரின் குரல்நாண் அசைவதைக் கண்ணாடி வைத்து முறையாகப் பார்த்துப் பதிவு செய்தவர் டாக்டர் இல்லை, ஒரு பாட்டு வாத்தியார். மனுவேல் கார்சியா என்ற ஸ்பானியர், 1854-ல், பல் டாக்டர் வைத்திருக்கும் மாதிரியான சின்னக் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துத் தன் தொண்டையைத் தானே பார்த்தார். இன்றைக்கும் இ.என்.டி. டாக்டர் நாக்கை வெளியே நீட்டச் சொல்லி, சூடாக்கிய கண்ணாடியை உள்ளே காட்டுவது அந்த வழிதான். திருவையாறு பக்கத்தில் பாட்டுக்காரர்கள் குரலுக்கு என்னென்னமோ செய்கிறார்கள், இந்தப் பரிசோதனை ஐந்து நிமிஷம்தான் ஆகும் என்று சொன்னால் மட்டும் யோசிக்கிறார்கள்.

சோறு இறங்கவில்லை என்றால்

குரல்நாணைத் தொடாமல், உணவுக்குழாய் தொடங்கும் பக்கத்தில் வரும் புற்றுநோய் இப்படி மணியடிக்காது. அங்கே இடம் கொஞ்சம் தாராளம். புண் நன்றாக வளரும்வரை சோறு சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால்தான் இந்த வகை பெரும்பாலும் தாமதமாகத் தெரியவருகிறது.

இதில் நோயாளியைவிட வீட்டில் பரிமாறுகிறவர்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும் என்பது என் எண்ணம். விழுங்கச் சிரமம் ஒரே நாளில் வருவதில்லை, மனிதர் தனக்கே தெரியாமல் அதற்கு வளைந்துகொடுக்கிறார். குழம்புச் சாதத்தில் ரசத்தை ஊற்றிப் பிசைவார். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்தே சாப்பிடுவார். சப்பாத்தி வேண்டாம், முறுக்கு வேண்டாம், கறித்துண்டு வேண்டாம் என்று ஒவ்வொன்றாக ஒதுக்குவார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பார். பிறகு கஞ்சிக்கு மாறுவார். கேட்டால் "பசி இல்ல", "பல்லு சரியில்ல" என்பார். முதலில் கெட்டியான உணவு, அப்புறம் குழைந்தது, கடைசியில் தண்ணீர் என்று வரிசையாக இறங்க மறுத்தால் அது பாதை சுருங்குகிறது என்பதற்கான அடையாளம். கூடவே வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறது, எடை குறைகிறது என்றால் மூன்று வாரக் கணக்குகூடப் பார்க்க வேண்டாம்.

இதற்கு எதிரான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பேர் தூங்க மாட்டார்கள். "தொண்டையில உருண்டையா ஏதோ நிக்குது, ஆனா சாப்பிட்டா நல்லாத்தான் இறங்குது" என்று சொல்பவர்கள் கடைக்கு நிறைய வருகிறார்கள். வெறும் எச்சிலை விழுங்கும்போது தெரியும், சாப்பிடும்போது மறைந்துவிடும், ஒரு வாரம் இருக்கும், ஒரு வாரம் இருக்காது. இது பெரும்பாலும் அமிலம் மேலே ஏறுவதாலோ மனக்கவலையாலோ வருவது. ஒரு தடவை காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சாப்பாடே ஒரு இடத்தில் நிற்பதும், நாளுக்கு நாள் கூடுவதும், ஒரே பக்கம் வலிப்பதும் வேறு கதை.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தொண்டைப் புற்றுநோய் ஆண்கள் நோய் என்ற நினைப்பு இருக்கிறது. எண்ணிக்கையில் ஆண்கள் அதிகம்தான். ஆனால் பல வருஷம் இரும்புச் சத்து குறைந்த ரத்தசோகை உள்ள பெண்களுக்கு உணவுக்குழாயின் மேல்முனையில் மெல்லிய சவ்வு வளர்ந்து விழுங்கச் சிரமம் தரும். அந்த இடத்தில் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. நடவுக்கும் களை எடுக்கவும் போகிற பெண்களில் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று கிராமச் சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் சொல்வார். நாக்கு வழுவழுவென்று வெளுத்து, நகம் கரண்டி மாதிரி குழிந்து, சோறு முழுங்கும்போது நிற்கிறது என்று ஒரு அம்மா சொன்னால், சத்து மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் தொண்டையையும் காட்டச் சொல்லுங்கள்.

கழுத்தில் நெறி கட்டினால்

பலருக்கு முதல் அறிகுறியே கழுத்தில் ஒரு கட்டிதான். குரலும் நன்றாக இருக்கும், சாப்பாடும் இறங்கும். சவரம் செய்யும்போது காதுக்குக் கீழே, தாடைக் கோணத்துக்குப் பக்கத்தில், கோலிக்குண்டு மாதிரி கையில் படும். தொண்டையில் உள்ள புண் சின்னதாக இருக்கும்போதே செல்கள் அங்குள்ள நெறிக்கு வந்து தங்கியிருக்கலாம்.

சொத்தைப் பல், டான்சில், தலையில் புண் என்று எதற்கும் நெறி கட்டும். அது தொட்டால் வலிக்கும், மெத்தென்று இருக்கும், காரணம் ஆறியதும் சுருங்கும். கல் மாதிரி கெட்டியாக, வலியில்லாமல், வாரா வாரம் கொஞ்சம் பெருத்துக்கொண்டு, அசைத்தால் அசையாமல் இருப்பதுதான் சந்தேகத்துக்குரியது. எங்கள் பாட்டிமார் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் காசநோய் நெறி. அது இன்றும் இங்கே இருக்கிறது. கையால் தொட்டு இது அது என்று யாராலும் முடிவு சொல்ல முடியாது. மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். டாக்டர் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்பது சரிதான். இரண்டு வாரத்தில் சுருங்கவில்லை என்றால் இரண்டாவது ஆன்டிபயாடிக், மூன்றாவது ஆன்டிபயாடிக் என்று எங்கள் கடைக்கு வந்துகொண்டிருக்காதீர்கள். பத்துப் போடுவது, சூடு போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம்.

காது ஏன் வலித்தது?

மண்டிக்காரருக்கு வருவோம். தொண்டையிலிருந்தும் காதிலிருந்தும் மூளைக்குச் சேதி கொண்டுபோவது ஒரே நரம்புகளின் கிளைகள். ஒரே லைனில் இரண்டு வீட்டுக்கு போன் இருந்தால் எந்த வீட்டிலிருந்து மணி அடிக்கிறது என்று குழம்புவது மாதிரி, தொண்டையில் உள்ள புண்ணின் வலியை மூளை காதில் என்று எடுத்துக்கொள்கிறது. காதில் சீழ் இல்லை, கேட்பதில் குறை இல்லை, டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தால் சவ்வும் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே பக்கக் காது வாரக்கணக்கில் வலிக்கிறது, விழுங்கினால் கூடுகிறது என்றால் தொண்டையைப் பார்க்க வேண்டும். பல்லும் தாடை மூட்டும்கூட இப்படிக் காதில் வலியைக் காட்டும் என்பதால் பயந்துவிட வேண்டாம்.

மூக்குக்குப் பின்னால் வருவது வேறு மாதிரி. ஒரே பக்கம் மூக்கடைப்பு, சிந்தினால் ரத்தம், ஒரு காது மட்டும் அடைத்த மாதிரி இருப்பது, கழுத்தில் கட்டி. வாயில் என்றால் ஆறாத புண், வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிடச் சந்தேகத்துக்குரிய சிவப்புத் திட்டு, வாய் முன்போல அகலத் திறக்க முடியாமல் போவது. எச்சிலில் ரத்தம் வருவதும் இந்தக் கணக்கில் சேரும். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்து திணறினால் மட்டும் எந்தக் கணக்கும் இல்லை, அந்த நிமிஷமே 108-ஐ அழையுங்கள்.

வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால்

கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை, எனக்கும்தான். வெற்றிலையைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பிரச்சினை அதற்குள் வைத்து மடிப்பதில் இருக்கிறது. புகையிலை கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் வெளியிட்ட தொகுதியிலேயே, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களின் பட்டியலில் பாக்கையும் சேர்த்துவிட்டது. ஆகவே "நான் புகையிலை போடறதில்ல, வெறும் சீவல்தான்" என்பது பாதி ஆறுதல் மட்டும்தான். விருந்து முடிந்து எப்போதாவது ஒரு தாம்பூலம் போடுகிறவரை நான் சொல்லவில்லை. சுருக்குப்பையும் கையுமாக, தூங்கும்போதுகூடக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறவர்களைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை வந்தது. பொட்டலம் கைக்குக் கை மாறுவது நிற்கவில்லை.

தொண்டையைப் பொறுத்தவரை பெரிய எதிரிகள் பீடி, சிகரெட்டும் மதுவும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. பீடி சின்னது, இலையில் சுற்றியது, அதனால் சாது என்று நினைப்பது தப்பு. எச்.பி.வி. என்ற வைரஸ் டான்சிலிலும் நாக்கின் அடியிலும் புற்றுநோய் உண்டாக்கும். இந்தப் பழக்கங்கள் எதுவுமே இல்லாதவருக்கும் வர இது ஒரு வழி. அதனால் "எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லையே" என்று அறிகுறியை ஒதுக்கிவிட முடியாது. புகையிலையை விட உதவி வேண்டும் என்றால் 1800 112 356 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

பயம் பாதி இங்கேதான். முதலில் வாயையும் கழுத்தையும் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் கண்ணாடி, அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாய். மரத்துப்போக மருந்து அடித்துவிட்டு விடுவதால் கண்ணில் நீர் வரும், குமட்டும், பெரிய வலி இருக்காது. சந்தேகமான இடம் தெரிந்தால் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய ஸ்கேன். "கத்தி பட்டா பரவிடும்" என்று பயாப்ஸிக்கு மறுத்துவிட்டு வருகிறவர்களை வருஷத்துக்கு இரண்டு மூன்று பேரையாவது பார்க்கிறேன். பயாப்ஸியால் நோய் பரவிவிடாது. அதைச் செய்யாமல் கடத்தும் மாதங்களில்தான் பரவும். பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தும் தொந்தரவு அப்படியே நீடித்தால் மறுபடி காட்டுங்கள், சில நேரம் இன்னொரு தடவை எடுக்க வேண்டி வரும்.

டெல்டாவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. தொண்டையைக் காட்டச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. புற்றுநோய் என்று உறுதியான பிறகு, 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ காஞ்சிபுரம் பக்கத்தில் காரப்பேட்டை அரசு மருத்துவமனையோ போகலாமா என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கூடவே எடுத்துப் போங்கள், ஆதார், ரேஷன் கார்டு நகலும்.

ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி எழுதிக்கொண்டு போவது ரொம்ப உதவும். எது முதலில் வந்தது, எந்த மாதம், எந்தப் பக்கம், இதுவரை என்னென்ன மருந்து. பீடியும் மதுவும் எத்தனை வருஷம் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் மேட்டூர் திறந்ததற்கு முன்னாலா பின்னாலா என்று யோசித்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மாதம் தானாக வந்துவிடும்.

மண்டிக்காரருக்குக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஊரில் கதிர்வீச்சைக் "கரண்டு வைக்கிறது" என்பார்கள். ஏழு வாரம். வாய் வறண்டு, உப்பும் புளிப்பும் பிடிக்காமல், மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றி, உடம்பு பாதியாகித்தான் வீடு திரும்பினார். நாலு வருஷமாகிறது. ஏலம் இப்போது அவர் மகன் கூறுகிறான், இவர் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறார். போன வாரம் கடைக்கு வந்திருந்தார். உடன் வந்த கூட்டாளிக்குத்தான் மருந்து வேண்டும், ஒரு மாதமாகத் தொண்டை கரகரப்பு, சப்புற மாத்திரை. நான் கையை அலமாரிக்குக் கொண்டுபோவதற்குள் இவரே அந்தக் கரகரத்த குரலில் தடுத்து, "இவனுக்கு ஒண்ணும் குடுக்காத தம்பி, நாளைக்குத் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.